கரண்ட் இல்லாத சைட்டில் கார்ட்லெஸ் டூல்களுக்குச் சார்ஜ்: இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜவ்வாது மலையிலோ சிறுமலையிலோ ஒரு தோட்ட வீட்டு வேலையை ஒப்புக்கொண்டால், மரமும் ஆளும் கிடைத்துவிடும், கரண்ட் கிடைக்காது. லைன் இன்னும் வந்திருக்காது. வந்திருந்தாலும் அது கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய இணைப்பாக இருக்கும். பாசனத்துக்குக் கொடுத்த இணைப்பில் கட்டட வேலைக்கு வயர் இழுப்பது விதிமீறல். பிடிபட்டால் அபராதம் தோட்டக்காரர் தலையில்தான் விழும். தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். கூரை போட்டு, கதவு ஜன்னல் மாட்டிவிட்டு இறங்கிவிடும் வேலைக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகாது. அதனால்தான் தச்சர்களும் அலுமினிய வேலைக்காரர்களும் கார்ட்லெஸ் டிரில், இம்பாக்ட் டிரைவர், சிறிய சர்க்குலர் சா என்று மாறிவிட்டார்கள். ஆனால் அந்தப் பேட்டரிகளுக்கும் ஏதோவோர் இடத்தில் சார்ஜ் போட்டாக வேண்டும்.

கடைக்குப் போய் "இன்வெர்ட்டர் வேண்டும்" என்றால், "எத்தனை வாட்ஸ் அண்ணே?" என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் பெரிய எண்ணைச் சொல்லி, பெரிய பெட்டியைத் தூக்கி வருகிறார்கள். இந்த வேலைக்கு அது தலைகீழ் முறை. முதலில் சார்ஜரைத் தீர்மானிக்க வேண்டும். அடுத்து ஒரு நாள் செலவு. இன்வெர்ட்டர் அதற்குப் பிறகுதான். அந்த வரிசையில் போனால் பெரும்பாலும் சிறிய இன்வெர்ட்டரில்தான் வந்து நிற்பீர்கள்.

இனி 'பேக்' என்று எழுதினால் டூலில் மாட்டும் லித்தியம் பேட்டரி. 'பேட்டரி' என்றால் இன்வெர்ட்டருக்குப் பின்னால் நிற்கும் பெரிய 12 வோல்ட் பேட்டரி. இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் தவறிப்போகும்.

வாங்கத்தான் வேண்டுமா?

தினமும் மாலையில் ஊருக்குத் திரும்பிவிடுகிறவர் என்றால் இன்வெர்ட்டர் தேவையில்லை. கூடுதலாக இரண்டு பேக் வாங்கி, இரவில் வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி, சோலார் பேனல், வயர், அவற்றை ஏற்றி இறக்கும் கூலி எல்லாவற்றையும் கூட்டினால் பேக்குகளே மலிவு. அந்தப் பேக்குகள் அடுத்த வேலைக்கும் வரும்.

இன்னொரு வழி, 12 வோல்ட்டிலிருந்து நேரடியாகச் சார்ஜ் செய்யும் வாகன சார்ஜர். மக்கிட்டாவில் டிசி18எஸ்இ, டிவால்ட்டில் டிசிபி119 என்று அந்தந்த நிறுவனமே தயாரித்தவை உண்டு. மில்வாக்கியும் எம்12, எம்18 பேக்குகளுக்கு ஒன்று வைத்திருக்கிறது. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மறுபடி 20 வோல்ட் அளவுக்கு இறக்கும் சுற்றுவழி இதில் கிடையாது, இழப்பும் குறைவு. நம் ஊர்க் கடைகளில் கேட்டால் கிடைப்பது அபூர்வம். உங்கள் டூல் பிராண்டுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். பெயர் தெரியாத நிறுவனங்களின் 'எல்லா பேக்குக்கும் பொருந்தும்' வகை சார்ஜர்களைத் தொட வேண்டாம். பேக்கின் உள்ளே இருக்கும் வெப்பமானியோடும் மின்சுற்றோடும் பேசிக்கொண்டுதான் அசல் சார்ஜர் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தப் பேச்சில்லாமல் லித்தியத்துக்குள் கரண்ட்டைத் தள்ளுவது விளையாட்டல்ல.

சைட்டிலேயே தங்கி வேலை பார்க்கிறீர்கள், வாகன சார்ஜரும் கிடைக்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

முதல் வேலை: சார்ஜரைப் புரட்டிப் பாருங்கள்

சார்ஜரின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் மூன்று விஷயங்கள் வேண்டும்: உள்வாங்கும் வோல்ட்டேஜ், உள்வாங்கும் வாட் அல்லது ஆம்பியர், வெளியே கொடுக்கும் ஆம்பியர்.

வெளியே கொடுக்கும் ஆம்பியரை வைத்து 18 வோல்ட் சார்ஜர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். 2 ஆம்பியர் ரகம் மெதுவானது. சுமார் 50 வாட் இழுக்கும். 5 ஆம்பியர்-மணி பேக்கை நிரப்ப ஏறக்குறைய மூன்று மணி நேரம் எடுக்கும். 4 ஆம்பியர் ரகம் சுமார் 100 வாட் இழுத்து, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும். 8, 9 ஆம்பியர் அதிவேக ரகம் 200 வாட்டுக்கு மேல் இழுக்கும். மக்கிட்டாவின் டிசி18ஆர்சி 9 ஆம்பியர் கொடுக்கும். இழுப்பது 240 வாட். 5 ஆம்பியர்-மணி பேக் முக்கால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். போஷ் சார்ஜர்களில் பெயரே விவரம் சொல்லிவிடும்: ஜிஏஎல் 18வி-20 என்றால் 2 ஆம்பியர், 18வி-40 என்றால் 4 ஆம்பியர்.

நான் பரிந்துரைப்பது 4 ஆம்பியர் ரகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டால் டீ நேரத்துக்குள் பேக் தயார். அதிவேக சார்ஜர் பேக்கைச் சூடாக்கும். இன்வெர்ட்டரையும் வயரையும் பெரிதாக்கச் சொல்லும். 2 ஆம்பியர் சார்ஜர் மென்மையானதுதான், ஆனால் மூன்று மணி நேரமும் இன்வெர்ட்டரை விழித்திருக்க வைக்கும். அதன் விலை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சீட்டில் '220-240' என்று மட்டும் இருக்கிறதா, '100-240' என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டாவது வகை வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். முதல் வகைக்கு இன்வெர்ட்டர் ஒழுங்காக 230 கொடுத்தாக வேண்டும்.

சார்ஜரோடு வந்த கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். சில நிறுவனங்கள் ஜெனரேட்டரிலோ ஏற்று மின்மாற்றியிலோ சார்ஜரைச் செருகக் கூடாது என்று அச்சிட்டே கொடுக்கின்றன. அப்படி இருந்தால், பழுதாகிப் போகும் நாளில் வாரண்டி பேச முடியாது. தெரிந்தே இறங்குங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு?

பேக்கின் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 18 வோல்ட் 2 ஆம்பியர்-மணி பேக்கில் 36 வாட்-மணி. 4 என்றால் 72. 5 என்றால் 90. '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பதும் உள்ளே ஐந்து செல் கொண்ட இதே 18 வோல்ட் பேக்தான். செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட் வீதம் கணக்கிட்டால் 18. முழுச் சார்ஜில் நிற்கும் உச்ச வோல்ட்டேஜை எழுதினால் 20. இரண்டு எண்ணையும் ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

அடுத்த கேள்வி, நாளுக்கு எத்தனை முறை நிரப்ப வேண்டும் என்பது. இதை டூல்தான் தீர்மானிக்கிறது. திருகு முடுக்கும் இம்பாக்ட் டிரைவர் ஒரு பேக்கை வைத்துக்கொண்டு அரை நாள் ஓட்டிவிடும். கிரைண்டர் அப்படியல்ல. சுமையில் 600 வாட் இழுக்கும் கிரைண்டர் 90 வாட்-மணி பேக்கை ஒன்பது நிமிடத்தில் குடித்துவிடும். எனவே இரும்பு வெட்டும் வேலை அதிகம் என்றால், அளவெடுத்து ஊரிலேயே வெட்டிக்கொண்டு மேலே ஏறுவதுதான் புத்திசாலித்தனம். சைட்டில் வெட்டப் பேனல் வாங்கிக் கட்டுப்படியாகாது.

இரண்டு பேர் மரக்கூரை வேலை செய்கிறார்கள், 5 ஆம்பியர்-மணி பேக்கை நாளுக்கு எட்டு முறை நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேக்குகளுக்குள் போக வேண்டியது 720 வாட்-மணி. சார்ஜரில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும். நூற்றுக்கு 85 உள்ளே போனால் நல்லது. இன்வெர்ட்டரிலும் அதுபோல நூற்றுக்கு 87 தேறும் என்று வைக்கலாம். 720ஐ 0.85 ஆலும் 0.87 ஆலும் வகுத்தால் ஏறக்குறைய 975. இன்வெர்ட்டர் தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து நாளுக்கு ஆயிரத்துச் சொச்சம் வாட்-மணி போகிறது.

நினைவில் வைக்க ஒரு குறுக்குவழி: 5 ஆம்பியர்-மணி பேக் ஒன்றை ஒருமுறை நிரப்ப 125 வாட்-மணி.

சைன் வேவ் வாதம்

கடையில் மூன்று வகை உண்டு: சதுர அலை, திருத்திய சைன், சுத்த சைன். மின்வாரியம் தருவது சைன் அலை. அதில் 230 வோல்ட் என்பது சராசரி மாதிரியான ஒரு மதிப்பு. அலையின் உச்சி 325 வோல்ட். சார்ஜர் உள்ளே செய்யும் முதல் காரியம், வரும் ஏசி-யை டிசி ஆக்கி அந்த உச்சியளவுக்கு ஒரு கெப்பாசிட்டரை (மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் பாகம்) நிரப்பிக்கொள்வதுதான்.

சதுர அலையில் உச்சியும் 230, சராசரியும் 230. ஆகவே அந்தக் கெப்பாசிட்டர் 325க்குப் பதில் 230 வரைதான் நிரம்பும். '100-240' சார்ஜர் இதைச் சமாளிக்கும். '220-240' சார்ஜர் திணறலாம். திருத்திய சைனில் உச்சி சரியாக இருக்கலாம், ஆனால் அலை படிப்படியாக ஏறாமல் செங்குத்தாகத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் கெப்பாசிட்டருக்குள் கரண்ட் மொத்தமாகப் பாயும். நொடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு இரண்டு பாய்ச்சல். சார்ஜரின் முன்பகுதிப் பாகங்கள் சூடாவது இதனால்தான். சிலது வருடக்கணக்கில் தாங்குகிறது, சிலது ஒரு வாரத்தில் கருகல் மணம் வீச ஆரம்பிக்கிறது. எது தாங்கும் என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

திருத்திய சைனில் சார்ஜ் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சார்ஜர் எரிந்தது என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. அசல் சார்ஜரும் பேக்கும் என்ன விலை என்பதைப் பார்த்தால், சுத்த சைனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணல்ல. கையில் ஏற்கெனவே திருத்திய சைன் பெட்டி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், '100-240' சார்ஜரை மட்டும் செருகுங்கள். முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே இருந்து, சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள். வீட்டில் செருகும்போது வராத சூடோ இரைச்சலோ வந்தால் உடனே பிடுங்கிவிடுங்கள். மலிவு விலை டிரில்லோடு வரும் குட்டி அடாப்டர் சார்ஜர்களை அதில் செருகவே வேண்டாம்.

சும்மா இருக்கும்போது தின்னும் கரண்ட்

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. இன்வெர்ட்டர் ஆன் ஆகியிருந்தால், எதுவும் செருகாவிட்டாலும் அது தன்னை ஓட்டிக்கொள்ளக் கரண்ட் எடுக்கும். வீடுகளில் வைக்கும், உள்ளே கனமான இரும்பு மின்மாற்றி உள்ள பெட்டிகள் 15, 20 வாட் எடுப்பது சாதாரணம். கையில் தூக்கும் எடையுள்ள சிறிய உயர் அதிர்வெண் இன்வெர்ட்டர்கள் 5 முதல் 10 வாட்டில் முடித்துக்கொள்ளும்.

20 வாட் அற்பமாகத் தெரியும். ஒரு நாள் முழுவதும் அணைக்காமல் விட்டால் 480 வாட்-மணி. நம் கணக்கில் அது நான்கு பேக்குகளுக்கான சார்ஜ். ஒரு பேக்கும் நிரம்பாமலே காற்றோடு போகிறது. 2 ஆம்பியர் சார்ஜரில் மூன்று மணி நேரம் ஒரே பேக்கைப் போட்டால், 90 வாட்-மணி நிரப்ப 60 வாட்-மணியை இன்வெர்ட்டர் தின்றுவிடும். அதே நேரத்தில் இரண்டு சார்ஜரில் இரண்டு பேக் ஓடினால் அந்தச் செலவு பாதியாகப் பங்கிடப்படும். சேர்த்துப் போடுங்கள், முடிந்ததும் இன்வெர்ட்டரின் சுவிட்சையே அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குவது மட்டும் போதாது.

பெட்டியிலோ விவரச் சீட்டிலோ இந்தச் சுமையில்லா நுகர்வு அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். ஆம்பியரில் கொடுத்திருந்தால் 12 ஆல் பெருக்குங்கள், 0.5 ஆம்பியர் என்றால் 6 வாட். எங்கும் எழுதவில்லை என்றால் நான் அந்த மாடலை வாங்க மாட்டேன்.

சில இன்வெர்ட்டர்களில் சுமை இல்லாதபோது தானே தூங்கிவிடும் சேமிப்பு முறை உண்டு. இந்த வேலைக்கு அதை அணைத்து வையுங்கள். பேக் நிரம்பும் தறுவாயில் சார்ஜர் மிகக் குறைவாகவே இழுக்கும். 'சுமை இல்லை' என்று இன்வெர்ட்டர் தூங்கிவிடும். சில நொடி கழித்து விழித்துப் பார்க்கும். சார்ஜர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். விளக்கு மாறி மாறி மின்னுமே தவிரப் பச்சை நிலைத்து நிற்காது. பேக்கில் கோளாறு என்று நினைத்துச் சர்வீசுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

இப்போது வாட்ஸ்

சார்ஜரின் சீட்டில் இருக்கும் வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. இவ்வகைச் சார்ஜர்கள் அலையின் உச்சியில் மட்டும் கரண்ட்டைக் கொத்தாக இழுப்பதால், 100 வாட் சார்ஜர் இன்வெர்ட்டரின் மேல் 170, 180 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு) சுமையாக உட்காரலாம். சீட்டில் ஆம்பியர் கொடுத்திருந்தால் 230 ஆல் பெருக்குங்கள், அதுதான் வி.ஏ. '100-240' சார்ஜரில் எழுதிய ஆம்பியர் 100 வோல்ட்டுக்கானது என்பதால் கணக்கு நிறையவே கூடுதலாக வரும். பரவாயில்லை, தவறினாலும் பாதுகாப்பான பக்கம்தான்.

எளிய விதி: ஒரே நேரத்தில் ஓடும் சார்ஜர்களின் வாட்டைக் கூட்டி இரட்டிப்பாக்குங்கள், அதற்கு மேல் கால் பங்கு சேருங்கள். 4 ஆம்பியர் சார்ஜர் இரண்டு என்றால் 200 வாட், இரட்டித்தால் 400, கால் பங்கு சேர்த்தால் 500. கடையில் 500 அல்லது 600 வாட் தொடர்திறன் உள்ள சுத்த சைன் பெட்டியைக் கேளுங்கள். அதிவேக சார்ஜர் ஒன்றே ஒன்று என்றாலும் இதே அளவுதான். மெதுவான 2 ஆம்பியர் சார்ஜர் ஒன்று மட்டும் என்றால் 150 வாட் பெட்டியே தாராளம்.

'எதற்கும் இருக்கட்டும், கட்டிங் மெஷினும் ஓட்டலாம்' என்று 2000 வாட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன். வயர் போட்டு ஓட்டும் கட்டிங் மெஷின் கிளம்பும் நொடியில் தன் வாட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதற்கேற்ற இன்வெர்ட்டர் சும்மா நிற்கும்போதே நிறையத் தின்னும். 12 வோல்ட்டில் அதை ஓட்ட வேண்டிய வயர் கட்டைவிரல் பருமன் ஆகும். பேக்குக்குச் சார்ஜ் போடுவதில் அப்படி ஒரு கிளம்பு வேகம் தேவையே இல்லை. இரண்டு வேலைக்கும் ஒரே பெட்டி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர்களில் பெயரில் 1100 என்றிருக்கும், ஓரத்துச் சீட்டில் 900 வி.ஏ. என்றிருக்கும், வாட் அதற்கும் கீழே. வண்டியில் செருகும் ரகங்களில் 1000 வாட் என்பது ஒரு நொடி உச்சமாக இருக்கும். தொடர்திறன் அதில் பாதி. 'தொடர்ந்து எவ்வளவு வாட்?' என்று கேட்டு, சீட்டில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கினால் வெளியீடு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 110 வோல்ட் பெட்டிகளும் அதே படத்தோடு விற்பனையில் இருக்கின்றன.

சுத்த சைன் என்று எழுதியிருப்பதெல்லாம் சுத்த சைன் அல்ல. அலை வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் எல்லோரிடமும் இருக்காது. மல்டிமீட்டர் இருக்கும், அதுவும் இரண்டு விதமாக. சாதாரண மலிவு மீட்டர், வரும் அலை சைன்தான் என்று நம்பிக்கொண்டு கணக்குப் போடும். 'ட்ரூ ஆர்எம்எஸ்' மீட்டர் உண்மையான மதிப்பைக் காட்டும். இரண்டையும் ஒரே பிளக்கில் வைத்துப் பாருங்கள். சுத்த சைன் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக 230 காட்டும். பாதி நேரம் மட்டும் எழுந்து நிற்கும் திருத்திய சைன் என்றால் ட்ரூ ஆர்எம்எஸ் 230 காட்டும்போது சாதாரண மீட்டர் 180 அளவில் நிற்கும். சதுர அலையில் நேர்மாறாக 255 அளவுக்கு ஏறிவிடும். மீட்டரே இல்லையென்றால் ஒரு டேபிள் ஃபேனைச் செருகிக் காது கொடுங்கள். வீட்டில் ஓடும் அதே சத்தம் என்றால் சரி. உறுமினால் வேறு பெட்டி பாருங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். பேட்டரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்கினால் இன்வெர்ட்டர் நிற்கும்? மலிவு ரகங்கள் 10 அல்லது 10.5 வரை உறிஞ்சிவிட்டுத்தான் நிற்கும். லெட் ஆசிட் பேட்டரிக்கு அது சவக்குழி. இந்த வரம்பை மாற்றும் வசதி உள்ள பெட்டி கிடைத்தால் 11.5 அளவில் வையுங்கள். உங்கள் சார்ஜரையும் பாதி காலியான பேக்கையும் எடுத்துப்போய் அங்கேயே செருகிப் பார்க்கலாமா? சம்மதிக்காத கடையைவிடச் சம்மதிக்கும் கடையில் நூறு ரூபாய் கூடக் கொடுப்பது மேல்.

பேட்டரியும் பேனலும்

ஊரில் எளிதில் கிடைப்பது 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர், அதாவது வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் லெட் ஆசிட் வகை. காகிதத்தில் 1800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்காமல் வைத்தால்தான் ஆயுள். ஆகவே கையில் 900. எடையோ இரண்டு பேர் தூக்கும் எடை, மலைப்பாதையில் ஆசிட் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 100 ஆம்பியர்-மணி என்றால் 1280 வாட்-மணி. அதில் ஆயிரம் அளவுக்கு எடுக்கலாம். ஒரே ஆள் தோளில் வைத்து ஏறிவிடலாம். விலை கூடுதல்தான். ஒரே இடத்தில் பல மாத வேலை என்றால் ட்யூபுலர் போதும். சைட் மாறிக்கொண்டே இருப்பவருக்கு லித்தியம்தான் தோது.

நம் எட்டு முறைக் கணக்குக்கு ஆயிரம் வாட்-மணி வேண்டும். தமிழ்நாட்டில் நல்ல வெயில் நாளில் முழுத் திறனுக்கு ஈடான ஐந்து மணி நேர வெயில் கிடைக்கும் என்று கொள்ளலாம். சூடு, தூசி, வயர் எல்லாம் போக நூற்றுக்கு எழுபது தேறும். 330 வாட் பேனல் ஒன்று, ஐந்து மணி, 0.7: மொத்தம் 1155. ஒரு பேனல் போதும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்த 330 வாட் பேனல் சுமார் 37, 38 வோல்ட்டில் வேலை செய்வது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கண்ட்ரோலர். அதில் மலிவான பிடபிள்யூஎம் வகை வழியாக அந்தப் பேனலை 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தால், பேனலின் 8.8 ஆம்பியர் மட்டும் அப்படியே வரும், வோல்ட்டேஜ் பேட்டரியின் 13க்கு இறங்கிவிடும். பெருக்கிப் பாருங்கள்: 115 வாட். காசு கொடுத்த பேனலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. கூடுதல் வோல்ட்டேஜை வீணாக்காமல் ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி கண்ட்ரோலர், 30 ஆம்பியர், இதில் பேரம் வேண்டாம்.

வயர், ஃபியூஸ், இடம்

500 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில், பேட்டரி இறங்கி 10.5 வோல்ட்டில் நிற்கும்போது 55 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வீட்டு வயரிங்கில் மிச்சமான 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை வைத்து இதை இணைப்பவர்கள், வயர் உருகும்போதுதான் ஆம்பியரைப் பற்றி யோசிக்கிறார்கள். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள்; நீளம் இரண்டு மீட்டரைத் தாண்ட வேண்டாம். பேட்டரி 12 வோல்ட்டில் நிற்கும்போது இழுக்கும் 48 ஆம்பியரில் அதில் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும். அதே தூரத்தில் 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.6 வோல்ட் போய்விடும். பேட்டரியில் தெம்பு இருக்கும்போதே இன்வெர்ட்டர் 'பேட்டரி தீர்ந்தது' என்று கூவி நின்றுவிடும். வயரை முறுக்கிச் சொருகாமல் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வைத்து அழுத்திப் பொருத்துங்கள்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 80 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது இன்வெர்ட்டரைக் காப்பாற்ற அல்ல, வயர் தீப்பிடிக்காமல் இருக்க. இன்வெர்ட்டர் பக்கம் ஃபியூஸ் போட்டால், நடுவில் வயர் நசுங்கி ஷார்ட் ஆகும்போது அது எதற்கும் உதவாது.

லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கிரைண்டர் பொறி பறக்கும் இடத்துக்கும் பேட்டரிக்கும் இடையே நல்ல தூரம் வையுங்கள். காற்றோட்டம் இல்லாத டூல் பெட்டிக்குள் பேட்டரியைப் பூட்டி வைக்காதீர்கள். மரத்தூள் பறக்கும் இடத்தில் இன்வெர்ட்டரின் ஃபேன் தூளை இழுத்து உள்ளே அடைத்துக்கொள்ளும். அதற்கும் தனி மூலை தேவை.

எந்த நேரத்தில் சார்ஜ் போடுவது?

இரவில் எல்லாப் பேக்கையும் போடும் வழக்கம் ஊருக்குச் சரி. சைட்டில் பத்து மணிக்கு மேல், பேனல் முழு வீச்சில் இருக்கும்போது போடுங்கள். பேனலிலிருந்து வரும் கரண்ட் பேட்டரிக்குள் போய்த் திரும்பாமல் நேராக இன்வெர்ட்டருக்குப் போகும். லெட் ஆசிட்டில் போட்டு எடுத்தால் ஐந்தில் ஒரு பங்காவது நடுவில் தொலையும். பகலில் போட்டால் அது மிச்சம். பேட்டரியும் மாலைக்குள் நிரம்பி நிற்கும்.

ஆனால் பகல் என்றால் வெயில். லித்தியம் பேக்குகளை 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்றே பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்த அளவு காலை பதினொரு மணிக்கே தாண்டிவிடும். சா-விலிருந்து கழற்றிய பேக் அதைவிடச் சூடாக இருக்கும். அப்படியே சார்ஜரில் செருகினால் விளக்கு வேறு நிறத்தில் மின்னி, 'ஆறட்டும்' என்று காத்திருக்கும். அந்த நேரம் முழுவதும் இன்வெர்ட்டர் தன் பங்கைத் தின்றுகொண்டிருக்கும். ஆகவே பேக்கை அரை மணி நேரம் நிழலில் ஆறப்போட்டுவிட்டு, சார்ஜரைப் புளியமரத்தடிக்கோ ஓலைக் கூரைக்குக் கீழோ கொண்டுபோய்ச் செருகுங்கள். ஏசி வயர் நீளலாம், தவறில்லை. நீளக் கூடாதது 12 வோல்ட் வயர்தான்.

மழைக்காலமும் வண்டியும்

ஐப்பசி, கார்த்திகையில் பேனலை நம்பி மலை ஏறாதீர்கள். வானம் மூடிக் கிடக்கும் நாளில் பேனலின் கணக்கு ஐந்தில் ஒன்றாகக்கூடச் சுருங்கிவிடும். இரண்டாவது பேனல் ஓரளவு ஈடுகட்டும். அதைவிட, வந்துபோகும் வண்டியைப் பயன்படுத்துவது நடைமுறைக்கு ஒத்தது. டாடா ஏஸ், பொலிரோ போன்ற வண்டிகளில் 12 வோல்ட். பெரிய லாரிகளில் 24. பன்னிரண்டுக்கான இன்வெர்ட்டரை லாரியில் மாட்டினால் அந்த நொடியே முடிந்தது.

டேஷ்போர்டில் இருக்கும் லைட்டர் சாக்கெட்டுக்கு 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். 120 வாட்டுக்கு மேல் அதில் எதிர்பார்க்கக் கூடாது. 4 ஆம்பியர் சார்ஜர் ஒன்று ஓடும், அதிவேக சார்ஜர் ஃபியூஸைப் போக்கிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால், முன்பு சொன்ன வயரும் ஃபியூஸும் போட்டு வண்டியின் பேட்டரியிலிருந்தே நேராக எடுக்க வேண்டும். எதுவானாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். ஸ்டார்ட்டருக்காகச் செய்த பேட்டரி ஆழமாக இறங்குவதற்கானதல்ல. எஞ்சினை அணைத்துவிட்டு மதியம் முழுவதும் நான்கு பேக் நிரப்பினால், சாயங்காலம் இறங்கும் நேரத்தில் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். அந்த மலைப்பாதையில் தள்ளிவிடவும் ஆள் கிடைக்காது.